அறுபதுக்குக் கீழே

22-1-63, செவ்வாய்

விடிய மூடுபனி. ஒன்பது மணிக்குத்தான் வயல் கண்ணுக்குத் தெரிந்தது. கீழ்த் துண்டு பழுத்துவிட்டது, மேல் துண்டுக்கு இன்னும் பத்து நாள். அரிவாள் நாலும் பட்டறையில் கொடுத்தாயிற்று. கறுவல் மாட்டுக்கு வாயில் புண். மஞ்சள் அரைத்துப் பூசியது.

மகேஸ்வரி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியால் வந்து இன்றைக்கு நாலாம் நாள். மூன்று கிழமை அங்கே கிடந்தவள். வீட்டுக்குள் திரும்பவும் மனுசியின் சத்தம் கேட்கிறது. இன்றைக்கு மட்டும் என்னை ஐந்து தரம் ஏசிவிட்டாள். சந்தோஷம்.

பெரிய டொக்டர் சொன்னது: சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தைத் தொட்டுவிட்டது. உள்ளே ஒரு கதவு ஒடுங்கியிருக்கிறது. காலில் நீர் இறங்கியதும், படுத்தால் மூச்சு முட்டியதும் அதனால்தான். இப்போதைக்கு வெட்டுக்கொத்து வேண்டாம், மருந்து போதும். கட்டளைகள்:

— உப்பு இல்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கண்ணிலும் காட்டக் கூடாது.
— காலையில் கட்டிலால் எழும்ப முன் நாடி எண்ண வேண்டும். முழு நிமிடம்.
— 60க்குக் குறையாவிட்டால் குளிசை ஒன்று. 60க்குக் கீழே என்றால் அன்றைக்குக் குளிசை இல்லை, டிஸ்பென்சரிக்கு அறிவிக்க வேண்டும்.
— நீர் போக இன்னொரு குளிசை, ஒன்றைவிட்டு ஒரு நாள்.
— கிழமைக்கு ஒருக்கால் நிறை பார்க்க வேண்டும்.
— எல்லாம் ஒரு கொப்பியில்.

கொப்பி எழுதுவது நான். 16-2 சனிக்கிழமை மகேசின் தமையன், என் மச்சான், காரோடு வருவார். டிஸ்பென்சரியில் இருக்கிற டொக்டர் காசிமிடம் கொப்பியைக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் மகேஸ் இங்கேயே இருக்கலாம். பிழையாக இருந்தால் ஆறு மாதம் யாழ்ப்பாணம், தமையன் வீடு. மகள் ஏற்கெனவே அங்கே நின்றுதான் படிக்கிறாள். இவளும் போனால் எனக்கு மாடும் மண்வெட்டியும்தான் துணை.

"அண்ணியின்ரை குசினியிலை ஆறு மாசமோ? அதுக்கு இந்த நோயே பறவாயில்லை" என்றாள்.

24-1, வியாழன்

பனி. தேங்காய் பன்னிரண்டு பறித்தது.

இனி நா. என்றால் நாடி. கு. என்றால் குளிசை. நீட்டி எழுத நேரமில்லை.

நா. 71. கு. கொடுத்தது. கொப்பியில் 72.

அந்த ஒன்று எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு நானே சொல்லி வைக்கிறேன். மச்சான் தந்த கைமணிக்கூட்டில் செக்கன் முள்ளைப் பார்த்துக்கொண்டு, மகேசின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து எண்ண வேண்டும். முதல் நாள் வாய்ப்பழக்கத்தில் "லாபம், ரெண்டு, மூண்டு" என்று தொடங்கிவிட்டேன். களத்தில் நெல் அளக்கும்போது எவனாவது "ஒன்று" என்று தொடங்குவானா? அவள் சிரித்த சிரிப்பில் கணக்குக் குழம்பி, திரும்ப முதலில் இருந்து.

இந்த வாய்க்கால் பாய்கிற வயல் முழுக்க, களத்தில் அளக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கை நல்ல கை என்று பெயர். அளக்கிறவனுக்கு இரண்டு சட்டம். தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. குறைவு என்ற சொல் வாயால் வரக் கூடாது. கடைசி மரைக்கால் முக்கால் நிரம்பினாலும் கணக்கில் முழு மரைக்கால்தான், மேலே ஒரு கை அள்ளிப் போட்டுவிட வேண்டியது. முப்பது வருஷம் அப்படி அளந்த கையால் 71 என்று மொட்டையாக எழுத முடியவில்லை. ஒரு கை போட்டேன், 72. ஒன்றில் என்ன வந்துவிடப் போகிறது.

மத்தியானம் உப்பில்லாத மரக்கறி. நானும் அதையே சாப்பிட்டேன். பின்னேரம் பக்கத்து வளவுச் செல்லாச்சி அக்கா வீட்டுக்கு மண்வெட்டி கேட்கப் போய், கருவாட்டுக் குழம்போடு ஒரு பிடி சோறு தின்றுவிட்டு வந்தேன். மண்வெட்டியை மறந்துவிட்டேன்.

26-1, சனி

நா. 68. கொப்பியில் 70. கு. கொடுத்தது.

நிறை பார்க்கச் சங்கக்கடைக்கு. நெல் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசுதான், வேறு தராசு இந்தப் பக்கத்தில் இல்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டு, மகாராணியைக் கொண்டுபோனேன்.

"என்னை என்ன நெல்லு மூட்டையெண்டு நினைச்சியளோ?"

மனேச்சர்த் தம்பி சும்மா இருந்தால்தானே. "அக்கா, சாக்குக்கு ரெண்டு இறாத்தல் கழிக்கட்டோ?" என்றான்.

"சீலைக்குக் கழியும். உம்மடை வாய்க்கும் சேத்துக் கழியும்" என்றாள். கடையே சிரித்தது.

112 இறாத்தல். ஆஸ்பத்திரியால் வரும்போது 118. நீர் இறங்குகிறது, நல்லது என்று டொக்டர் காசிம் சொல்வார். எனக்கு அது நட்டக் கணக்கு. ஆறு இறாத்தல் போய்விட்டதே. வீட்டில் இருந்து ஏதாவது குறைவதை நல்லது என்று சொல்ல இந்த வயதில் பழகவேண்டிக் கிடக்கிறது.

கணுக்காலை விரலால் அமத்தினால் விழுகிற குழி இப்போது கெதியாக நிரம்புகிறது. மகேஸ் கிணற்றடிக்கு இடையில் நிற்காமல் நடந்து போய் வந்தாள். போன மாதம் இதே நடைக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியவள்.

29-1, செவ்வாய்

காற்று. வெயில் நல்லம். நாளைக்கு அரிவு வெட்டு, ஆட்கள் ஆறு பேர்.

நா. 58.

திரும்ப எண்ணினேன். 57.

இடையிடையே ஒரு துடிப்புத் தவறுகிறது. விரலுக்கடியில் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்தது. அந்த இடத்திலெல்லாம் வந்ததாக வைத்து எண்ணினால் 62. வரவேண்டியதுதானே. ஒரு அடி பிந்தினால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

கொப்பியில் 62. கு. கொடுத்தது.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 60க்குக் கீழே குளிசை இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நடக்க ஏலாத மாட்டுக்கு யாராவது தவிட்டை நிறுத்துவானா? இருதயம் களைத்துப்போய் மெதுவாக அடிக்கிறது. அந்த நேரம் பார்த்து மருந்தையும் நிறுத்தினால் அது என்ன செய்யும்? படித்தவர்கள் எழுதும்போது ஒரு சொல் மாறிப் போயிருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இந்த நாட்குறிப்பை யார் பார்க்கப் போகிறார்கள். 57ஐக் கண்டால் மச்சான் அன்றைக்கே காரில் ஏற்றிவிடுவார்.

31-1, வியாழன்

கீழ்த் துண்டில் பாதி வெட்டியாயிற்று. முதுகு முறிகிறது. வெட்டுக்காரர்களுக்குத் தேத்தண்ணி, பனங்கட்டி. மகேஸ் வாசல் கதிரையில் இருந்தபடியே அதிகாரம்.

நா. 55. கொப்பியில் 60. கு. கொடுத்தது.

இராத்திரி ஒரே தலையணையில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். முன்பு நாலு தலையணையைச் சாய்த்து வைத்து இருந்தபடியே விடியும்வரை விழித்திருந்தவள். மருந்து வேலை செய்கிறது. நான் செய்தது சரிதான்.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. "சோறு மணக்குது" என்கிறாள். புது அரிசி வந்தால் சரியாகும்.

2-2, சனி

நிறை 103. மனேச்சர் கைதட்டினான். கால் வீக்கம் முழுக்க வற்றிவிட்டது. குழி விழவே இல்லை. மகேஸ் தன் கணுக்காலைத் தானே பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "கலியாணத்தண்டு இருந்த கால்" என்றாள். அன்றைக்குச் சீலைக் கரையைத் தவிர நான் வேறு என்னத்தைக் கண்டேன்.

நா. 54. கொப்பியில் 62.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். சோர்வு. அலைச்சலாக இருக்கும்.

4-2, திங்கள்

மேல் துண்டு வெட்டு. வானம் வெளி. மழை வேண்டாம், கடவுளே, இன்னும் பத்து நாளைக்கு.

நா. 52. கொப்பியில் 60.

வாசலில் இருந்துகொண்டு மகேஸ் சொன்னாள்: "எல்லாம் ஒரே மஞ்சளாக் கிடக்கு."

"பின்னை, விளைஞ்ச வயல் நீலமாவோ கிடக்கும்?" என்றேன்.

வெட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

6-2, புதன்

நா. 50. கொப்பியில் 60.

காலையில் இரண்டு தரம் சத்தி. கஞ்சியும் தங்கவில்லை. செல்லாச்சி அக்கா வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்து, என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, சோறு மணக்குதாம், சத்தியாம். உவவுக்கு ஏதும் விசேஷமோ?" என்று கேட்டா.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "நாப்பத்தாறு வயசிலையோ? போங்கோ அக்கா, உங்கடை விசர்க் கதையும் நீங்களும்!"

எனக்கும் சிரிப்பு. ஆனால் அந்தச் சத்தத்தில் பழைய காரம் இல்லை. பாதியில் இளைத்துப் போயிற்று.

பின்னேரம் கதிர்க் கட்டுகளை அடுக்கிச் சூடு வைத்து முடிந்தது. இரண்டு சூடு, ஆள் உயரத்துக்கு மேலே. பார்க்க வடிவுதான். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

8-2, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தும் எழுத வேண்டும்.

விடிய நா. 44. மூன்று தரம் எண்ணினேன். 44, 45, 44. இரண்டு துடிப்பு, ஒரு வெளி. இரண்டு துடிப்பு, ஒரு வெளி. கொப்பியில் 60 என்று எழுதினேன். குளிசையையும் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அதைச் சத்தி எடுத்துவிட்டாள். பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பைக்குள் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை ஏன் மஞ்சள் போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

மஞ்சள் போடவில்லை. வெறும் பால்.

என் வேட்டியைப் பார்த்து, "உதுவும் மஞ்சளாக் கிடக்கு" என்றாள். நேற்றுத் தோய்த்த வெள்ளை வேட்டி.

இரவே உழவு மெசின் வந்து சூடடித்து, தூற்றி, நெல்லைப் பொலியாகக் குவித்தாயிற்று. எட்டு மணிக்கு அளக்க நல்ல நேரம். செல்லாச்சி அக்காவைப் பக்கத்தில் இருத்திவிட்டுக் களத்துக்குப் போனேன். பொலிக்குக் கற்பூரம் காட்டினார்கள். மரைக்காலை எடுத்தேன். லாபம், ரெண்டு, மூண்டு. சாக்குப் பிடிக்கிறவன் பிடிக்கிறான். என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போகிறது. நாப்பத்து மூண்டு. நாப்பத்து நாலு.

அடுத்த எண் வரவில்லை. மரைக்கால் கையில் நிற்கிறது. நாலு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மரைக்காலைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, என்ன வேலை பாக்கிறியள்? இடையிலை விடக் கூடாதண்ணை!" என்று பின்னால் கத்தினார்கள். சைக்கிளை எடுத்துவிட்டேன். மூன்று மைல். எப்படிப் போனேன் என்று தெரியாது. ஒரு செருப்பு வழியில் விழுந்துவிட்டது.

டொக்டர் காசிம் வரிசையில் நின்ற சனத்துக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தார். முல்லைத்தீவுப் பெடியன், முப்பது வயது இருக்காது, என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். வரிசையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "டொக்டர், கொப்பி பொய். நாற்பத்து நாலு. நான் அறுபதெண்டு எழுதிப்போட்டன்."

பேனையை மூடினார். "எத்தினை நாளா?"

"பதினொரு நாள்."

எழும்பி மோட்டார் சைக்கிளை உதைத்தார். நான் பின்னால் ஏறினேன். வீட்டில் மகேசின் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நீண்ட நேரம். பிறகு கழுத்து நரம்பைப் பார்த்தார், காலை அமத்தினார், கண்ணை விரித்துப் பார்த்தார்.

"மஞ்சளாத் தெரியுதோ அம்மா?"

"ஓம். நாலைஞ்சு நாளாச் சொல்லுறன். இந்த மனுசன் வயல் விளைஞ்சிட்டுது எண்டார்."

உழவு மெசின் பெட்டியில் மெத்தை போட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். நாலு கட்டில் வாட்டு. கடைசிக் கட்டில். நாடி எண்ண என்னை விடவில்லை.

9-2, சனி

வாட்டு வாசல் வாங்கில் இருந்து எழுதுகிறேன். நித்திரை இல்லை. மகேஸ் கிடக்கிறாள். நேர்ஸ் மணிக்கு ஒருக்கால் எண்ணுகிறா. விடிய 46, எட்டு மணிக்கு 47. நாளைக்கு வரையும் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டு மேசையில் கொப்பியை விரித்தார். 62, 60, 62, 60, 60.

"இது ஆற்றை இருதயமண்ணை? இப்பிடி ஒழுங்கான இருதயத்தை நான் இன்னும் காணேல்லை. மணிக்கூடு கூட இப்பிடி ஓடாது."

சொன்னேன். களத்துக் கதை, கடைசி மரைக்கால், மேலே போடுகிற கை, தவறின துடிப்பை எண்ணினது, மச்சானின் கார். எல்லாம் சொன்னேன். சொல்லும்போது ஒவ்வொன்றும் என்ன விசர்த்தனம் என்று எனக்கே கேட்டது.

கோபப்பட்டார். கோபப்படட்டும். "அம்மாவின்ரை இருதயத்துக்கு இந்தக் குளிசை சாப்பாடில்லை, கடிவாளம். தறிகெட்டு ஓடுறதை மெதுவாக்கி, ஒவ்வொரு அடியையும் பலமா அடிக்க வைக்கிறது. நாடி குறைஞ்சால் மருந்து போதுமெண்டு உடம்பு சொல்லுது. நீங்கள் அதின்ரை வாயைப் பொத்திப்போட்டு இன்னும் இன்னும் இழுத்திருக்கிறியள். சத்தியும் மஞ்சளாத் தெரியிறதும் குளிசை கூடினதின்ரை அடையாளம். இன்னும் ரெண்டு நாள் இழுத்திருந்தால் நிண்டிருக்கும்."

நின்றிருக்கும். அந்தச் சொல்லை எழுதினேன், எழுதிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு கொஞ்சம் தணிந்து விளங்கப்படுத்தினார். நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு அடியில் எவ்வளவு இரத்தம் வெளியே போகிறது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் பெருக்கினால்தான் இருதயம் செய்த வேலை. மகேசின் உள்கதவு ஒடுக்கம், இரத்தம் வந்து நிரம்ப நேரம் எடுக்கும். விரைந்து அடித்தால் நிரம்ப முன்னமே அடிக்கும்.

"அரை மரைக்காலை நூறு தரம் கொட்டினால் அம்பதுதான்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். பேந்து ஏனண்ணை உங்களுக்கு இது விளங்கேல்லை?"

மரைக்காலில் எல்லாம் விளங்கும். மனுசியில் விளங்கவில்லை.

10-2, ஞாயிறு

இளநீர், தோடம்பழம், வாழைப்பழம். நிறையக் கொடுக்கச் சொன்னார். குளிசையாலும் நீர் போனதாலும் உடம்பில் குறைந்துபோனதை அதுகள் நிரப்புமாம். நீர்க் குளிசையும் நிறுத்தம். பரந்தன் சந்திக்குச் சைக்கிள் மிதித்து ஒரு சாக்குத் தோடம்பழம்.

நா. (நேர்ஸ் எண்ணினது) 48, 47, 50.

மகேசுக்கு நேர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. நான் தோடம்பழம் உரித்துக் கொண்டுபோனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை நீட்டினேன், நாடி பார்க்க இல்லை, சும்மாதான். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறேன், கோப்பை எறி வாங்கியிருக்கிறேன். இதுதான் முதல் தரம் கதையில்லாமல்.

பயமாக இருக்கிறது. வெட்கமாகவும்.

12-2, செவ்வாய்

நா. 53, 56, மத்தியானம் 59. தவறுவது குறைந்துவிட்டதாம். சத்தி நேற்றோடு நின்றது. காலையில் கஞ்சி ஒரு கோப்பை, மத்தியானம் இரண்டு இடியப்பம்.

நேர்ஸிடம் சொல்கிறாள், என் காதில் விழும்படி: "உங்கடை தொப்பி இண்டைக்கு வெள்ளையாத் தெரியுது தங்கச்சி."

நான் வாங்கில் இருந்தபடி கண்ணைத் துடைத்தேன். பக்கத்துக் கட்டில் கிழவர், "என்ன தம்பி, தூசியோ?" என்றார். ஓம் என்றேன்.

களத்தில் நெல் அப்படியே கிடக்கிறதாம், தென்னோலை போட்டு மூடி. என் கைக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம். செல்லாச்சி அக்கா வந்து சொன்னா. இடையில் விட்ட பொலி ஆகாது என்று ஊர் கதைக்குதாம்.

"ஊர் கதைக்கட்டும். நெல்லு நெல்லுத்தான்" என்றாள் மகேஸ். செல்லாச்சி அக்காவிடம்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குப் போதும்.

14-2, வியாழன்

வீடு. காலையில் சின்ன மழைத் தூறல், பத்து மணிக்கு வெளித்துவிட்டது. நெல் நனையவில்லை.

நா. 64. எண்ணியது நேர்ஸ், புறப்பட முன். டொக்டரின் புதுக் கட்டளை: அரைக் குளிசை. சட்டம் பழையதுதான். புதுக் கொப்பி ஒன்று தந்து, முதல் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: கேட்டதை எழுதவும், ஆசைப்பட்டதை எழுத வேண்டாம். என் முகத்தைப் பார்த்து, சிரிக்காமல் எழுதினார்.

பின்னேரம் விட்ட நெல்லை அளந்து முடித்தேன். திரும்ப முதலில் இருந்து. கடைசி மரைக்கால் பாதிதான். பாதி என்று உரத்துச் சொன்னேன். சாக்குப் பிடித்தவன் வாயைப் பிளந்தான்.

இரவு மகேஸ் கேட்டாள்: "நாளைக்கு ஆர் எண்ணுறது? செல்லாச்சி அக்காவுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாது."

"தெரியாது" என்றேன். மணிக்கூட்டை அவள் தலைமாட்டில் வைத்தேன்.

15-2, வெள்ளி

விடியத் தானே கட்டிலில் இருந்து, மணிக்கூட்டை மடியில் வைத்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்து எண்ணிப் பார்த்தாள். "இது என்ன, எண்ணேக்கை மூச்சை அடக்கிறன், பேந்து முள்ளு எங்கை நிண்டதெண்டு தெரியேல்லை." இரண்டு தரம் முயன்றாள். மூன்றாம் தரம் மணிக்கூட்டை என் பக்கம் தள்ளினாள். கையையும் நீட்டினாள். முகத்தை மட்டும் நீட்டவில்லை.

"பொய் சொன்னால் சத்தியமாக் கொண்ணை வீட்டை போயிடுவன்."

"கொண்ணை" என்றால் என் அண்ணன். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம். கோபத்தில் ஆளும் மாறிப்போயிற்று. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எண்ணிக்கை குழம்பி, திரும்பவும்.

நா. 63. கொப்பியில் 63. அரைக் கு.

16-2, சனி

வெயில். வைக்கோல் காய்கிறது.

நா. 58.

விரலை எடுக்காமல் இன்னொரு நிமிடம். 58. தவறல் இல்லை, ஒழுங்காகத்தான் அடிக்கிறது. ஆனால் 58.

இன்றைக்கென்று பார்த்து. மச்சானின் கார் வரும் நாள். பேனை கையில், புதுக் கொப்பி மடியில். கை தன்பாட்டில் 6ஐத்தான் தொடங்கப் பார்த்தது, மறைக்கவில்லை. மகேஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

58 என்று எழுதினேன். கு. இல்லை.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். மூவரும் டிஸ்பென்சரிக்கு. கொப்பியை முதலில் மச்சான்தான் வாங்கிப் பார்த்தார். "அம்பத்தெட்டோ? அறுபதுக்குக் கீழையெல்லோ இது? தங்கச்சி, உடுப்பை எடு. இவற்றை கையிலை விட்டது போதும்."

அவர் சொன்னதில் என்ன பிழை.

டொக்டர் காசிம் குழாயை வைத்துக் கேட்டார், காலை அமத்தினார், மகேசை வாட்டு நீளத்துக்கு இரண்டு தரம் நடக்கவிட்டார். மூச்சு வாங்கவில்லை. "அம்பத்தெட்டெண்டால் இண்டைக்குக் குளிசை இல்லை. அவ்வளவுதான். இண்டைக்கு நாடி என்னவெண்டு எனக்குத் தெரிஞ்சால் நான் இஞ்சை இருந்தே பாப்பன். தெரியாட்டித்தான் யாழ்ப்பாணம்."

மச்சான் விடவில்லை. "நாளைக்கும் இந்தாள் உண்மை எழுதுமெண்டு என்ன நிச்சயம்?"

அதற்கு மகேஸ்தான் பதில் சொன்னாள். "அண்ணை, இண்டைக்கு நீங்கள் வாற நாளெண்டு இந்த மனுசனுக்குத் தெரியும். அம்பத்தெட்டை எழுதினால் நீங்கள் என்னைக் கொண்டுபோயிடுவியளெண்டும் தெரியும். தெரிஞ்சும் எழுதினவர். அதுக்குமேலை என்ன நிச்சயம் வேணும்? நான் வரேல்லை."

மச்சான் கொப்பியை மூடி என் கையில் தந்துவிட்டு, "சரி, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன?" என்றார்.

உப்பில்லாக் கறியோடு புது நெல்லுச் சோறு. அவரும் முகத்தைச் சுழிக்காமல் தின்றார். மகளுக்கு ஒரு மூட்டை நெல்லும் மாங்காயும் காரில் ஏற்றினேன். நாலு மணிக்குப் புறப்பட்டார்.

கார்த் தூசி அடங்கியதும் மகேஸ் வாசல் கதிரையில் இருந்து கையை நீட்டினாள்.

"காலமை எண்ணியாச்செல்லே?" என்றேன்.

"எண்ணச் சொல்லேல்லை. பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

மணிக்கூடு உள்ளே அலுமாரியில். எடுக்கப் போகவில்லை.